டெர்வென்ட் வாட்டர்ஷெட் ஓட்டம்: குறியே இல்லாத 40 மைல், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன ரூட், எங்க இருக்கு?

இங்கிலாந்துல மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவுல பீக் டிஸ்ட்ரிக்ட் நேஷனல் பார்க் இருக்கு, அதோட வடக்குப் பக்கத்துக்கு டார்க் பீக்னு பேரு. கறுப்பு மண்ணு, கரடுமுரடான மணற்கல் பாறை, மரமே இல்லாத திறந்த மேட்டு நிலம். டெர்வென்ட் ஆறு இங்க பிறக்குது. அந்த ஆத்துக்கும் அதுல வந்து சேர்ற ஆஷப், நோ ஆறுகளுக்கும் தண்ணி எந்த மேட்டுல இருந்து வழியுதோ அந்த விளிம்பைப் பிடிச்சு ஒரு முழு சுத்து சுத்தி வர்றதுதான் இந்த ரூட். ஏறக்குறைய 40 மைல், அதாவது 64 கிலோமீட்டர், மொத்த ஏத்தம் 1,500 மீட்டருக்கு மேல. மான்செஸ்டர் இன்ஜினியர் யூஸ்டஸ் தாமஸ் 1918ல இதை முடிச்சார், அதுல இருந்துதான் ஓடுறவங்க நடுவுல இதுக்குப் பேரு வந்துச்சு. மலையில அடிபட்டவங்களைத் தூக்கிட்டு வர்ற தாமஸ் ஸ்ட்ரெச்சர்னு ஒண்ணு ரொம்ப வருஷம் பிரிட்டன்ல புழக்கத்துல இருந்துச்சே, அதுவும் இவர் பேர்லதான்.

வரிசையா எந்தெந்த இடம் வரும்?

லேடிபவர் அணைக்குக் கீழ யார்க்‌ஷையர் பிரிட்ஜ்ல ஆரம்பிச்சா வின் ஹில், லூஸ் ஹில், மாம் டோர், ரஷப் எட்ஜ், பிரவுன் நோல், கிண்டர் ஸ்கவுட்டோட மேற்கு ஓரம், மில் ஹில், ஸ்நேக் பாஸ் ரோடு, ப்ளீக்லோ ஹெட், ப்ளீக்லோ ஸ்டோன்ஸ், ஸ்வெய்ன்ஸ் ஹெட், அவுட்டர் எட்ஜ், மார்ஜரி ஹில், பேக் டோர், டெர்வென்ட் எட்ஜ், மாஸ்கார் ரோடு, ஸ்டானேஜ்ல ஹை நெப், அப்புறம் பாம்ஃபோர்ட் பக்கமா இறங்கித் திரும்ப பிரிட்ஜ். இது கடிகாரச் சுத்து. எதிர்ச் சுத்தும் ஓடலாம், அதைக் கீழ சொல்றேன்.

போர்டு, பெயின்ட் குறி எதுவுமே இல்லையா?

இந்த ரூட்டுக்குன்னு எதுவும் கிடையாது. நடுவுல சில இடத்துல வேற பாதைங்க வந்து கூட சேரும். கிண்டர்ல இருந்து ப்ளீக்லோ ஹெட் வரைக்கும் பெனைன் வேன்னு ஒரு நெடுந்தூர நடைபாதை போகுது, அதுல பெரிய பெரிய கல்பலகை போட்டு வெச்சிருக்காங்க, பழைய மில் கட்டடங்களோட தரைக்கல்லுதான் நிறைய. லூஸ் ஹில்லுல இருந்து மாம் டோர் வரைக்கும் நல்ல கல்பாதை, டெர்வென்ட் எட்ஜ்லயும் அப்படித்தான். பிரவுன் நோல் முன்னாடி முழங்கால் வரைக்கும் உள்ள இழுக்குற உளையா இருந்துச்சு, இப்ப அங்கயும் பலகை போட்டாச்சு. ஆனா ப்ளீக்லோ ஹெட்ல இருந்து ஸ்வெய்ன்ஸ் ஹெட் தாண்டி, மார்ஜரி ஹில் இருக்கிற ஹவுடன் எட்ஜ் பிடிக்கிற வரைக்கும் பாதைன்னு நம்பி ஓட ஒண்ணும் இல்ல. இங்கொண்ணு அங்கொண்ணா பழைய மரக்கம்பு நிக்கும், அவ்வளவுதான். இந்த ரூட்டோட உயிரே அந்தத் துண்டுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

அப்ப வழி எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

தண்ணியைப் படிக்கக் கத்துக்கோங்க. நிறைய பேரு ஜிபிஎஸ் ட்ராக்கை டவுன்லோட் பண்ணிட்டு கோட்டு மேல புள்ளி நகருதான்னு மட்டும் பாத்துட்டே ஓடுறாங்க, ஆனா வாட்டர்ஷெட்னா நீர்பிரி மேடு, அந்தச் சொல்லுலயே வழி இருக்கு. மேட்டோட முதுகு மேல நீங்க நிக்கிறப்ப ஓடுற ஓடை எதுவும் உங்களை குறுக்க வெட்டாது, அது நடக்கவே முடியாது. உங்க ஒரு பக்கம் விழுற மழை ஒரு ஆத்துக்கும் இன்னொரு பக்கம் விழுறது வேற ஆத்துக்கும் போகும். ப்ளீக்லோல இது ரொம்ப அழகு. வடக்குப் பக்கம் வழியிறது ஈதரோ ஆறு வழியா மெர்சில கலந்து மேற்கே ஐரிஷ் கடலுக்குப் போகுது, தெற்குப் பக்கம் வழியிறது டெர்வென்ட், ட்ரென்ட், ஹம்பர்னு போயி கிழக்கே வட கடல்ல சேருது. அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நீங்க ஓடுறீங்க.

சுத்து முழுக்க இந்த விதி அப்படியே பொருந்தாது, அதையும் சொல்லிடுறேன். யார்க்‌ஷையர் பிரிட்ஜ்ல டெர்வென்ட்டைத் தாண்டணும், வின் ஹில்லுக்கும் லூஸ் ஹில்லுக்கும் நடுவுல இறங்கி நோ ஆத்தைத் தாண்டணும். கிண்டர்ல உண்மையான நீர்பிரி மேடு நடு பீடபூமியில இருக்கு, ஆனா எல்லாரும் ஓரப்பாதையிலதான் ஓடுவாங்க, அதனால டவுன்ஃபால் அருவிக்கு மேல கிண்டர் ஆத்தைத் தாண்டுவீங்க. ஸ்நேக் பாஸ்ல இருந்து ப்ளீக்லோ ஏறுறப்பவும் பெனைன் வே ஒரு ஓடையை ஒட்டித்தான் போகும். அதுக்கப்புறம் ப்ளீக்லோ ஹெட்ல இருந்து பேக் டோர் வரைக்கும் இந்த விதியை நம்பலாம். தெளிவா ஓடுற தண்ணி குறுக்க வந்தா நின்னு மேப்பைப் பாருங்க, மேட்டை விட்டு இறங்கிட்டீங்கன்னு அர்த்தம்.

ப்ளீக்லோல ஏன் இத்தனை பேரு வழி தவறுறாங்க?

ஏன்னா அங்க மலை உச்சி மாதிரி எதுவும் இல்ல. 633 மீட்டர்ல ஒரு பெரிய தட்டை மேடு, மேல ரெண்டு மூணு மீட்டர் ஆழத்துக்கு பீட், அதாவது செடியும் பாசியும் ஆயிரக்கணக்கான வருஷமா அரைகுறையா மக்கிச் சேர்ந்த கறுப்பு மண்ணு. அந்த மண்ணை மழை அறுத்து அறுத்து வாய்க்கால் வாய்க்காலா வெட்டி வெச்சிருக்கு, ஊர்க்காரங்க அதை க்ரஃப்னு சொல்வாங்க. ஒரு க்ரஃப்குள்ள இறங்கினா ரெண்டு பக்கமும் தலைக்கு மேல கறுப்பு சுவர், வானம் மட்டும் ஒரு பட்டையா தெரியும், தரை வழவழன்னு சாக்லேட் கூழ் மாதிரி. அதுக்குள்ள ஓடறது சுலபமா இருக்கும், மேல ஏறி இறங்கி ஏறி இறங்கி போறது கஷ்டமா இருக்கும், அதனால காலு தன்னாலயே க்ரஃப் போற பக்கம் போயிடும். க்ரஃப் கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சு ஓடையா மாறி கீழ இழுத்துட்டுப் போயிடும்.

தெற்கே இழுத்தா ஆல்போர்ட் பள்ளத்தாக்கோட தலைப்பகுதிக்குப் போயிடுவீங்க, வடக்கே இழுத்தா பிளாக் கிளஃப்னு பேரு வர்ற ஓடைங்க வழியா லாங்டென்டேல் பக்கம். ரெண்டுமே ரூட்டை விட்டு ரொம்ப தள்ளி. ப்ளீக்லோ ஹெட்ல இருந்து ப்ளீக்லோ ஸ்டோன்ஸ் ரெண்டரை கிலோமீட்டர்தான், ஆனா மூடுபனியில அந்த ரெண்டரை கிலோமீட்டர் ஒரு மணி நேரம் கூட தின்னும்.

நான் செய்றது இதுதான். ப்ளீக்லோ ஹெட்ல இருக்கிற கல்குவியல்ல நின்னு, ஓடாம, மேப்ல இருந்து பேரிங், அதாவது போக வேண்டிய திசையோட கோணம், எடுத்து காம்பஸ் செட் பண்ணிக்குவேன். முன்னாடி ஐம்பது நூறு மீட்டர்ல அந்தத் திசையில ஏதாவது ஒண்ணைப் பிடிப்பேன், ஒரு பாறை, தனியா நிக்கிற பீட் திட்டு, என்ன வேணாலும். க்ரஃபை எப்படி வேணா சுத்திப் போயி அந்த இடத்தைத் தொட்ட பிறகுதான் அடுத்த பேரிங். பனி ரொம்ப அடர்ந்தா, கூட ஓடுறவரை முன்னாடி அனுப்பி அவர் டார்ச்சையே குறியா வெச்சுக்கலாம். வேகம் போயிடுதேன்னு தோணும், போகட்டும்.

ஜிபிஎஸ் வாட்ச் இருந்தா மேப், காம்பஸ் எதுக்கு?

வாட்ச் கட்டுங்க, போன்லயும் மேப் வெச்சுக்கோங்க, அதுல தப்பே இல்ல. ஆனா குளிர்ல போன் பேட்டரி சர்ருன்னு இறங்கும், மழையில நனைஞ்ச டச் ஸ்கிரீன் விரலைக் கேக்காது, தடிமனான கையுறையைக் கழட்டினா ரெண்டு நிமிஷத்துல விரல் மரத்துடும். ஆர்டினன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் ஓஎல் 1, டார்க் பீக் ஷீட், 1:25,000 அளவு, இதைத்தான் நிறைய பேரு வெச்சிருப்பாங்க. ஹார்வி மேப்பும் நல்லது, ஓடிட்டே பாக்க சுத்தமா இருக்கும். காகித மேப்பைத் தண்ணி புகாத உறையில போட்டு, ரூட் இருக்கிற பக்கம் வெளிய தெரியுற மாதிரி மடிச்சு, கையிலயே வெச்சுக்கோங்க. பையில இருக்கிற மேப்பை யாரும் எடுத்துப் பாக்குறதில்ல.

இங்க உயரமான கிண்டரே 636 மீட்டர்தான், அதெல்லாம் ஒரு மலையா, இதுக்கு ஏன் இவ்வளவு பயமுறுத்துறீங்க?

உயரத்தை வெச்சு இந்த இடத்தை எடை போடாதீங்க. மேற்குக் கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்துக்கு முதல்ல குறுக்க நிக்கிற மேடுகள்ல இதுவும் ஒண்ணு, ஒதுங்க ஒரு மரமோ சுவரோ கிடையாது. காஞ்ச மைனஸ் அஞ்சு டிகிரியை விட மழையும் காத்தும் சேர்ந்த மூணு டிகிரி மோசம், ஏன்னா துணி நனைஞ்சா உடம்புச் சூடு மடமடன்னு போயிடும்.

1964 மார்ச்ல இதே டார்க் பீக்ல நடந்ததை இங்க ஓட வர்ற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்கணும். ஃபோர் இன்ஸ்னு 40 மைல் தூர நடைப் போட்டி, ஸ்கவுட் இயக்கத்து இளைஞர்களுக்காக வருஷா வருஷம் நடக்கும். அந்த வருஷம் மழையும் காத்துமா திடீர்னு மாறி, குளிர்ல உடம்பு விறைச்சு மூணு பசங்க இறந்துட்டாங்க. தேடுறதுக்கு ஆளுங்க நிறைய வந்தாங்க, ஆனா ஒருங்கிணைக்க ஒரு அமைப்பு இல்ல. அதுக்கப்புறம்தான் பீக் டிஸ்ட்ரிக்ட் மவுன்டன் ரெஸ்க்யூ அமைப்பே உருவாச்சு. இளவயசு, நல்ல உடம்பு, நடந்து பழகினவங்க, அவங்களுக்கே இப்படி. நான் பயமுறுத்தல, மழை ஜாக்கெட்டை வீட்ல வெச்சுட்டு வராதீங்கன்னுதான் கேக்குறேன்.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

மலை ஓட்டக்காரங்க சங்கமான ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷன் போட்டிகளுக்குன்னு ஒரு அடிப்படை கிட் சொல்லும்: தண்ணி புகாத மேல் உடுப்பும் பேன்ட்டும், தொப்பி, கையுறை, மேப், காம்பஸ், விசில், அவசரத்துக்கு சாப்பாடு. இது குறைஞ்சபட்சம். 40 மைலுக்கு நான் கூடுதலா ஒரு சூடான லேயர் தனியா பிளாஸ்டிக் பையில கட்டி, ஹெட் டார்ச்சும் மாத்து பேட்டரியும், ஒரு பிவி பேக் (அவசரத்துக்கு உள்ள புகுந்து படுக்குற பை), சின்ன ஃபர்ஸ்ட் எய்ட், இன்னொரு ஜோடி கையுறை வெச்சுக்குவேன். கையுறை ரெண்டு ஜோடி அவசியம், முதல் ஜோடி க்ரஃப் சுவர்ல கை ஊனி ஏறுறப்பவே நனைஞ்சிடும்.

ஷூ விஷயத்துல அடியில ஆழமான ஸ்டட் இருக்கான்னு மட்டும் பாருங்க. போல்டன்ல செய்ற வால்ஷ், இனோவ்-8, எது உங்க காலுக்கு ஒத்துவருதோ அது. ரோட்டு ஷூல ஈரமான பீட்ல ஏறினா ஒரு அடி ஏறி ரெண்டு அடி சறுக்குவீங்க. வாட்டர்ப்ரூஃப் ஷூ வேண்டாம், கணுக்காலுக்கு மேல தண்ணி உள்ள போனா வெளிய வராது. கால் நனையத்தான் போகுது, கம்பளி சாக்ஸ் போடுங்க.

சாப்பாடு, தண்ணி?

மேல ஒரு கடையும் கிடையாது. ஸ்நேக் பாஸ் ரோட்டுல யாராவது கார்ல வந்து சாப்பாடு கொடுத்தா பெரிய புண்ணியம், மாஸ்கார்லயும் அப்படியே. குளிர்ல ஜெல் மட்டும் நம்பினா வயிறு ஒத்துக்காது, கெட்டியா ஏதாவது வேணும். கடலை மிட்டாய் நல்ல சத்து, ஆனா குளிர்ல கல்லா இறுகிடும், பல்லுக்கு ஆகாது, வீட்லயே உடைச்சு சின்னச் சின்னதா போட்டுக்கோங்க. ஓடைத் தண்ணி பீட் கலந்து டீ கலர்ல இருக்கும், நிறம் பிரச்சனை இல்ல, மேல எங்கயாவது செத்த ஆடு கிடக்கலாம், அதான் பிரச்சனை. ஃபில்டர் இல்லாம குடிக்காதீங்க.

எந்த மாசம் நல்லது?

முதல் தடவைன்னா மே கடைசி, ஜூன். ஜூன்ல காலைல அஞ்சு மணிக்கு முன்னாடியே வெளிச்சம் வந்து ராத்திரி ஒன்பதரை தாண்டியும் இருக்கும், நிதானமா போனாலும் இருட்டுக்கு முன்னாடி முடிச்சுடலாம். பீட்டும் ஓரளவு காஞ்சிருக்கும். ஆனா அது தரையில கூடு கட்டுற பறவைங்களுக்கும் குஞ்சு பொரிக்கிற காலம், கோல்டன் ப்ளோவர், கர்லூ எல்லாம் ஹெதர் புதருக்கு நடுவுலதான் முட்டையிடும். ஒரு பறவை உங்களைச் சுத்திச் சுத்திக் கத்துச்சுன்னா பக்கத்துல குஞ்சு இருக்குன்னு அர்த்தம், நிக்காம அந்த இடத்தை விட்டு நகருங்க. நாய் கூட வந்தா மார்ச் 1 முதல் ஜூலை 31 வரைக்கும் கயிறு கட்டாயம். ஓட்டம் முடிஞ்சு உண்ணி கடிச்சிருக்கான்னு முழங்கால் பின்பக்கம், இடுப்பு எல்லாம் பாத்துடுங்க.

எவ்வளவு நேரம் ஆகும்?

வேகமானவங்க 10 மணி நேரத்துக்குள்ள முடிக்கிறாங்க. ரோட்டு மாரத்தான் நல்லா ஓடுற ஆளுக்கு முதல் தடவை 14, 15 மணி நேரம்னு கணக்கு வெச்சா ஏமாற்றம் இருக்காது. ரோட்டு ஓட்ட பேஸை இங்க கொண்டு வராதீங்க, ப்ளீக்லோல ஒரு கிலோமீட்டருக்கு 15 நிமிஷம்னா அது மோசம் இல்ல.

எந்தப் பக்கமா சுத்துறது?

கடிகாரச் சுத்துல ஏத்தமெல்லாம் முதல்லயே வந்துடும், ப்ளீக்லோ நடுவுல, கடைசியில ஸ்டானேஜ் ஓரம் ஓடறதுக்கு சுகமா இருக்கும். எதிர்ச் சுத்துல ஹவுடன் எட்ஜ்ல இருந்து ப்ளீக்லோவைப் பிடிக்கணும், அது இன்னும் கஷ்டம், ஆனா கடைசிப் பகுதியில மாம் டோர் கல்பாதை வரும். நான் கடிகாரச் சுத்தைத்தான் சொல்வேன். ப்ளீக்லோவுக்கு எந்த நேரத்துல வந்து சேர்றீங்கன்னு மட்டும் பின்னாடி இருந்து கணக்குப் போடுங்க, அது பகல் வெளிச்சத்துல வரணும்.

ராத்திரியில இதுல போட்டி நடக்குமாமே?

ஆமா, ஹை பீக் மாரத்தான். 1972ல ஆரம்பிச்சது, ஷெஃபீல்ட் யுனிவர்சிட்டி மாணவர்கள் நடத்துறாங்க. மார்ச் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஈடேல்ல இருந்து நாலு நாலு பேர் டீமா கிளம்புவாங்க, 42 மைல், எதிர்ச் சுத்து. அந்தக் குளிர்ல, இருட்டுல ப்ளீக்லோ. நாலு பேரும் சேர்ந்தே இருக்கணும், அதனால உங்க வேகம் டீம்லயே களைச்சுப் போனவரோட வேகம்தான். ஒரு ஆளு காம்பஸ், ஒரு ஆளு எத்தனை அடி வெச்சோம்னு எண்ணிக்கை, இப்படி வேலையைப் பிரிச்சுக்குற டீம்தான் கடைசியில முன்னாடி வரும். பகல்ல ரூட் தெரியாம இதுக்குப் பேர் கொடுக்காதீங்க.

பாதை இல்லாத இடத்துல ஓட சட்டப்படி அனுமதி உண்டா?

உண்டு, அது சும்மா வந்தது இல்ல. இந்த மூர்லாண்ட், அதாவது திறந்த மேட்டு நிலம், பெரும்பாலும் பணக்காரங்க பறவை சுடுறதுக்குன்னு அடைச்சு வெச்சிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்னிக்கு மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிங்க, பெரும்பாலும் இளைஞர்கள், பென்னி ராத்மன் தலைமையில நூத்துக்கணக்குல கிண்டர் மேல ஏறினாங்க. ஆறு பேரைக் கைது பண்ணி அஞ்சு பேரை ஜெயிலுக்கு அனுப்பினாங்க. 1951ல பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனோட முதல் நேஷனல் பார்க் ஆச்சு, 2000ல வந்த சட்டத்துக்கு அப்புறம்தான் பாதையை விட்டு விலகி நடக்குற உரிமை மேப்ல குறிச்ச திறந்த நிலம் முழுக்க கிடைச்சது. ஜெயிலுக்குப் போனவங்கள்ல சிலருக்கு இருபது வயசு கூட ஆகல. ப்ளீக்லோல வழியே இல்லாம சுதந்திரமா ஓடுறப்ப எனக்கு அவங்க ஞாபகம் வரும். எப்பவாவது சில இடங்களைத் தற்காலிகமா மூடுவாங்க, தீ அபாயம் இருக்குற கோடையில முக்கியமா, கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

க்ரஃப் நடுவுல சின்னச் சின்ன அணை கட்டி வெச்சிருக்காங்களே, அது என்ன?

இதைக் கேக்குறவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுத்தி இருந்த மில் ஊர்களோட புகைக் காத்து நூறு வருஷத்துக்கு மேல இந்த மேட்டு மேல படிஞ்சு, பீட்டைக் காப்பாத்துற ஸ்பேக்னம் பாசியை அழிச்சிடுச்சு. ஆடு மேய்ச்சலும் தீயும் சேர்ந்து, ப்ளீக்லோ ஏக்கர் ஏக்கரா வெறும் கறுப்பு மண்ணா கிடந்துச்சு. 2003ல மூர்ஸ் ஃபார் தி ஃபியூச்சர்னு ஒரு கூட்டு முயற்சி ஆரம்பிச்சு, சுண்ணாம்பு போட்டு, புல் விதைச்சு, வெட்டின ஹெதரைப் பரப்பி, க்ரஃப்ல கல்லும் மரமும் வெச்சு அடைச்சு, ஸ்பேக்னத்தைக் கையால நட்டு வர்றாங்க. பழைய போட்டோல கறுப்பா தெரியுற இடம் இன்னிக்குப் பச்சையா இருக்கு. அணைக்குப் பின்னாடி தேங்கின குட்டையில குனிஞ்சு பாத்தீங்கன்னா ஓரத்துல நட்சத்திரம் நட்சத்திரமா இளம்பச்சைப் பாசி விரிஞ்சிருக்கும், அதுதான் ஸ்பேக்னம், அழுத்தினா ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணி விடும். ஷார்ட்கட்னு அந்த அணை மேல காலை வெச்சுத் தாண்டாதீங்க, ஒரு கல்லு நகர்ந்தா அடுத்த மழையில மொத்தமும் அறுத்துட்டுப் போயிடும். சுத்திப் போங்க.

நடுவுல முடியலன்னா எப்படி வெளிய வர்றது?

ரூட் ரோட்டைத் தொடுற இடங்களை மனப்பாடமா வெச்சுக்கோங்க: மாம் டோர் பக்கத்து ரோடு, ஸ்நேக் பாஸ், மாஸ்கார். ஸ்நேக்குக்கும் மாஸ்காருக்கும் நடுவுல 25 கிலோமீட்டருக்கு மேல ரோடே கிடையாது, அதனால முடிவெடுக்க வேண்டிய இடம் ஸ்நேக் பாஸ். அங்க நடுங்குறீங்க, சாப்பிடப் பிடிக்கல, மேல பனி மூடியிருக்கு, இதுல ரெண்டு இருந்தாலே நிறுத்திடுங்க. தாண்டிட்டீங்கன்னா அவுட்டர் எட்ஜுக்கு அப்புறம், மார்ஜரி ஹில்லுக்குச் சற்று முன்னாடி கட் கேட்னு ஒரு பழைய பாதை குறுக்க வரும், அதுல தென்மேற்கே இறங்கினா ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் பாலம், அங்க இருந்து நீர்த்தேக்கத்தை ஒட்டிப் பாதை. (அந்தப் பாலம் லேடிபவர் அணைக்காக மூழ்கின டெர்வென்ட் கிராமத்துல இருந்து கல்லு கல்லா எடுத்து வந்து கட்டினது.)

கூட ஓடுறவரைக் கவனிங்க. பேச்சு குழறுது, ஜிப்பை இழுக்க விரல் தடுமாறுது, சமதரையில கால் இடறுது, நான் நல்லாத்தான் இருக்கேன்னு எரிச்சலா சொல்றாரு, இதெல்லாம் உடம்பு குளிர்ந்துட்டு வர்றதோட அடையாளம். உடனே காத்து மறைவுக்கு, ஒரு க்ரஃப்குள்ளயாவது இறக்கி, காஞ்ச துணி போட்டு, பிவி பேக்குள்ள விட்டு, இனிப்பா சாப்பிட வையுங்க. 999 கூப்பிட்டு முதல்ல போலீஸ், அப்புறம் மவுன்டன் ரெஸ்க்யூன்னு கேளுங்க. சிக்னல் மோசமா இருந்தா மெசேஜ் போகும், அதுக்கு முன்கூட்டியே 999க்கு ரெஜிஸ்டர் பண்ணியிருக்கணும், இன்னிக்கே பண்ணிடுங்க. விசில்னா நிமிஷத்துக்கு ஆறு தடவை, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி. வர்றவங்க எல்லாரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பணம் கேக்க மாட்டாங்க.

விமானம் விழுந்த இடம் ரூட்ல வருமா?

கொஞ்சம் விலகி, ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் பக்கத்துல. 1948 நவம்பர் 3ல அமெரிக்க பி-29 விமானம் மேகத்துக்குள்ள பறந்து மேட்டுல மோதி அதுல இருந்த 13 பேரும் இறந்தாங்க, இன்ஜினும் உலோகத் துண்டுகளும் இன்னும் அங்கயே கிடக்கு. ரூட் பாக்க வர்ற நாள்ல போய்ப் பாருங்க, ஒரு ஆணி கூட எடுக்காதீங்க.

எப்படித் தயார் பண்றது, முதல்ல எந்தத் துண்டு?

துண்டு துண்டா. மான்செஸ்டர் ஷெஃபீல்ட் ரயில் ஈடேல், ஹோப், பாம்ஃபோர்ட்ல நிக்கும், கார் இல்லாமலே பாதி ரூட்டைப் பாத்துடலாம். ஈடேல்ல இறங்கி லூஸ் ஹில், மாம் டோர், பிரவுன் நோல் ஒரு நாள், பாம்ஃபோர்ட்ல இறங்கி ஸ்டானேஜ், டெர்வென்ட் எட்ஜ் இன்னொரு நாள். ப்ளீக்லோவுக்கு மட்டும் தனியா நாள் ஒதுக்குங்க, முதல்ல வெயில் நாள்ல போயி மேட்டோட வடிவத்தைக் கண்ணுல வாங்குங்க, அப்புறம் வேணும்னே மேகம் இறங்கின நாள்ல தெரிஞ்சவங்க ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயி அதே துண்டை காம்பஸ்ல மட்டும் ஓடுங்க. போனைப் பையில போட்டுடுங்க. ஒவ்வொரு க்ரஃப்லயும் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு குனிஞ்சு பாருங்க, நின்ன தண்ணியா இருந்தா ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டுப் பாருங்க.

நான் போன வழியை அடுத்து வர்றவங்களுக்கு கல் அடுக்கி, ரிப்பன் கட்டிக் காட்டலாமா?

வேண்டாம். பனியில ஒரு புது கல்குவியலைப் பாத்து அதை ப்ளீக்லோ ஸ்டோன்ஸ்னு நம்பி அடுத்த பேரிங் எடுத்தா அந்த ஆளு நேரா ஆல்போர்ட்டுக்குத்தான் இறங்குவாரு. ரிப்பன் ஆட்டு வயித்துக்குள்ள போகும். ஒரே வழியில எல்லாரும் மிதிச்சா புதுசா முளைச்ச புல்லும் போயிடும், கும்பலா போனாக் கூட அந்த இடத்துல கொஞ்சம் பரவி ஓடுங்க. யாராவது ரூட் கேட்டா மேப்ல உக்காந்து சொல்லிக் கொடுங்க, முடிஞ்சா ஒரு சனிக்கிழமை கூட்டிட்டுப் போங்க.